இலையைக் குறிக்கும் எழுத்து

கேள்வி: சென்னையில் ஜப்பானிய மொழி பயிலும் என் மகள், இலைக்கான எழுத்து ஜப்பானுக்கும் சீனாவுக்கும் பொதுவானது என்கிறாள். ஆனால் சீனாவிலிருந்து வந்த தேயிலைப் பெட்டியில் வேறோர் எழுத்து இருக்கிறது. எது சரி? இலையைத் தவிர அதற்கு வேறு பொருள்களும் உண்டா?
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: இரண்டும் சரியே. உங்கள் மகள் கற்றது மரபு வடிவம். ஜப்பானில் 12 கோடுகளால் எழுதப்படும் அது, தைவானிலும் ஹாங்காங்கிலும் இன்றும் வழக்கில் உள்ளது. மேலே புல்பூண்டைக் குறிக்கும் உறுப்பு, நடுவே 'தலைமுறை, உலகம்' எனப் பொருள்படும் உறுப்பு, அடியில் மரம் என்று அது அமைந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் துளிர்ப்பதால் இலைக்கு இவ்வடிவம் வந்தது என்று சிலர் அழகாக விளக்குவார்கள். எனினும் மரத்தின் உச்சியில் இலைகள் நிற்பதைக் காட்டிய பழைய ஓவியமே இவ்வெழுத்தின் தொடக்கம், புல்லுறுப்பு பிற்காலத்தில் சேர்ந்தது என்பதே ஏற்கத்தக்க விளக்கம்.

பெட்டியில் நீங்கள் கண்டது, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சீன அரசு எழுத்துகளை எளிமைப்படுத்தியபோது வந்த வடிவம். வாய்க்குரிய சதுரமும், அதன் அருகே ஒரு சிலுவைக் குறியுமாக ஐந்தே கோடுகள். அது புதிதாகப் படைக்கப்பட்டதன்று. 'இணக்கம்' என்னும் பொருளில் முன்பே இருந்த எழுத்தை இலைக்கும் எடுத்துக்கொண்டார்கள். அதே எழுத்து ஜப்பானில் விருப்பம் நிறைவேறுவதைக் குறிப்பதால், உங்கள் மகள் அந்தப் பெட்டியைப் படித்துத் திகைத்திருந்தால் வியப்பில்லை.

மற்றப் பொருள்கள் பல. தட்டையாகவும் மெல்லியதாகவும் இருப்பவற்றுக்கு இலைக்கான எழுத்து பொருந்துவதால், ஜப்பானியர் நிழற்படங்களையும் அஞ்சலட்டைகளையும் எண்ணும்போது இதைப் பயன்படுத்துவதுண்டு. நுரையீரலின் மடல்களுக்கும் இதுவே. அஞ்சலட்டைக்குரிய 'ஹகாகி' என்னும் சொல்லை இலை, எழுது ஆகிய இரண்டு எழுத்துகளால் எழுதுகிறார்கள். ஓலையில் செய்தி அனுப்பிய மரபினரான நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'சொல்' எனப் பொருள்படும் 'கொதோபா'வின் இறுதியிலும் இலை உண்டு. இவ்வெழுத்து காலப்பகுதியையும் குறிக்கும். ஒரு நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சீனர் இதைக் கொண்டே சுட்டுகிறார்கள். சுமார் 4,500 பாடல்கள் கொண்ட, 8ஆம் நூற்றாண்டின் ஜப்பானியத் தொகை நூலான 'மன்யோஷூ'வின் பெயரைப் 'பத்தாயிரம் இலைகளின் தொகுப்பு' என்று சிலரும், 'பத்தாயிரம் தலைமுறைகளுக்கான தொகுப்பு' என்று சிலரும் கொள்வது இதனால்தான். என் மனம் இரண்டாவது பொருளையே நாடுகிறது.

கேள்வி: புரூஸ் லீயின் ஆசிரியர் இப் மேன் பெயரிலும் இந்த இலை உண்டாமே?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: உண்டு. 'இப்' என்பது தென்சீன வழக்கான கான்டனீஸில் இவ்வெழுத்தின் ஒலிப்பு, சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் 'யே'. சீன வழக்கப்படி முன்னால் நிற்பதால் அது அவருடைய குடும்பப் பெயர்.