ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்கு வேகவைத்த காய் போதுமா?

வணக்கம். ஸ்டென்ட் (ரத்தக்குழாய் அடைபடாமல் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்த அப்பாவால் பச்சைக் காய்களை மெல்ல முடியவில்லை, வேகவைத்தால் ரத்தக்குழாய் அழற்சிக்குப் பயன்படாதா என்று கேட்டிருந்தீர்கள். கவலைப்படாமல் வேகவைத்தே கொடுங்கள். 2022-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், சுமார் 4 லட்சம் பேரில் பச்சைக் காய் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இதயநோய் குறைவாகத் தெரிந்தது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பங்குக்கு அவர்களுடைய வசதியும் வாழ்க்கை முறையும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். தக்காளியின் லைகோபீன், கேரட்டின் பீட்டா கரோட்டின் ஆகிய நிறமிச் சத்துகள் கொஞ்சம் எண்ணெயோடு வெந்தால் உடலில் இன்னும் நன்றாகச் சேரும். வைட்டமின் சி ஓரளவு தண்ணீரில் இறங்கிவிடும், அதைக் கொட்டாமல் ரசத்தில் சேருங்கள். உப்பு குறைவாக இருக்கட்டும். அப்புறம், அப்பா வார்ஃபரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) சாப்பிடுகிறார் என்றால் கீரையின் அளவைத் திடீரென்று கூட்ட வேண்டாம், முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.