பஞ்சு வைத்த காது

வணக்கம் அம்மா,

நான் திருநெல்வேலிக்காரன். பெங்களூரு வந்து ஒன்பது வருடம் ஆகிறது, ஹொரமாவில் குடியிருக்கிறோம். கல்யாணமாகி ஒன்றரை வருடம். என் மனைவிக்குச் சொந்த ஊர் திருச்சி. கல்லூரி நாளிலிருந்தே ஹெவி மெட்டல் என்ற ராக் இசை கேட்பவள். போன மாதம் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாள் மெட்டல் திருவிழா. அவள் ஆசைப்பட்டாள் என்று நானும் டிக்கெட் எடுத்துப் போனேன். முதல் நாள் கடைசி வரிசையில் நின்றேன். இரண்டாம் நாள் முடியவில்லை. பையை வாங்கிக்கொண்டு சாப்பாட்டுக் கடைப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு அவள் திரும்பி வந்தாள். முகமெல்லாம் செம்மண் புழுதி, கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஆனால் அப்படி ஒரு சந்தோஷம். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. எனக்கு என்னவோ கோபம் வந்துவிட்டது. வண்டியில் வரும்போது, "இந்த இரைச்சலுக்கா ரெண்டு நாள்?" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து சரியாகப் பேச்சில்லை.

எனக்கு இளையராஜா போதும். ரசனை இவ்வளவு தூரம் விலகியிருக்கும் இரண்டு பேர் சேர்ந்து வாழ முடியுமா? இதெல்லாம் இசைதானா? கொம்பு முத்திரை, மண்டையோட்டுச் சட்டை, ஆண்கள் கூட்டத்தில் இடித்துக்கொண்டு குதிப்பது, இதெல்லாம் நம் பண்பாட்டுக்கு ஒத்துவருமா?

கா.

அன்புள்ள கா.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் காது பரிசோதனை முடித்து வீட்டுக்கு வந்திருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ரொம்ப நேரம் ஒன்றுமே கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்த அமைதியில் அப்பாவின் நினைவு வந்துவிட்டது. வெளியே வந்து தொலைபேசியைத் திறந்தால் உங்கள் கடிதம், அதில் 'இரைச்சல்' என்ற வார்த்தை. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் பண்பாட்டை ஓரமாக வைப்போம். மண்டையோட்டைப் பார்த்துப் பயப்படும் ஊரா நம்முடையது? சுடலைமாடனைக் கும்பிடும் ஊர்க்காரர் நீங்கள். அந்தக் கொம்பு முத்திரையை மெட்டல் மேடையில் பரப்பியவர் ரோனி ஜேம்ஸ் டியோ என்ற பாடகர். அவருடைய இத்தாலியப் பாட்டி கண்ணேறு கழிக்க ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நீட்டி மற்ற விரல்களை அப்படி மடக்குவாராம். பேரன் அதை மேடைக்குக் கொண்டுபோனார். உங்கள் ஆச்சி மிளகாய் சுற்றிப் போட்டதும் இதுவும் ஒரே வேலைதான். அப்புறம் அந்த இடித்துக் குதிக்கிற வட்டம். அதில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு, உங்கள் மனைவியிடம் கேட்டால் சொல்வாள்: ஒருவர் விழுந்தால் சுற்றி நிற்பவர்கள் உடனே தூக்கிவிட வேண்டும். கல்லூரி நாளிலிருந்து போய்வருகிறவளுக்கு எங்கே நிற்க வேண்டும், எப்போது விலக வேண்டும் என்று தெரியாதா? அந்தக் கவலையை அவளிடமே விடுங்கள்.

இந்த ஊருக்கும் இது புதிதில்லை. அரண்மனை மைதானத்தில் 2007 மார்ச் 17 அன்று அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் குழு வாசித்தது. 2011 அக்டோபர் 30 அன்று மெட்டாலிகா குழு. 2012 முதல் பெங்களூரு ஓப்பன் ஏர் என்று ஒரு திருவிழா நடக்கிறது. ஜெர்மனியின் வடக்கே வாக்கென் என்ற சின்ன கிராமத்தில் 1990 முதல் நடக்கும் பெரிய மெட்டல் திருவிழாவோடு தொடர்புடையது அது. இந்த ஊரின் கிரிப்டோஸ் 1998-ல் தொடங்கிய குழு, வாக்கென் மேடையிலும் வாசித்துவிட்டது. ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறீர்கள். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் கிடாரைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறார்கள் என்று ஒருநாளாவது கேட்டதுண்டா?

இப்போது இரைச்சலுக்கு வருகிறேன். இந்த வார்த்தையை எந்தச் சத்தத்துக்குச் சொல்கிறோம் என்று கவனித்துப் பாருங்கள். பக்கத்து மண்டபத்தில் நாகஸ்வரம் வாசித்தால் மங்கல ஒலி. பறை அடித்தால் இரைச்சல். உழைக்கிறவனின் சத்தத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அது. மெட்டல் பிறந்ததும் உழைக்கிறவர்களின் ஊரில்தான். இங்கிலாந்தின் பர்மிங்காமில் டோனி ஐயோமி என்ற பையன் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் இருந்தான். பதினேழு வயது. வேலையை விட்டு நிற்கப்போகும் கடைசி நாளில் இயந்திரம் இறங்கி வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போய்விட்டது. அவனுக்கு இடது கைப் பழக்கம். கிடாரின் தந்தியை அழுத்துவது வலது கை. இனி வாசிக்கவே முடியாது என்றார்கள். அவன் பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் குப்பியை உருக்கி, விரலுக்கு இரண்டு தொப்பி செய்து, அதன்மேல் தோல் ஒட்டி மாட்டிக்கொண்டான். தந்தி வலித்தது என்று மெல்லிய தந்திகளுக்கு மாறினான். பிற்பாடு சுருதியையும் இறக்கித் தளர்த்தினான். மெட்டலின் அந்தக் கனத்த, இருண்ட ஒலி பெரும்பாலும் அந்த இரண்டு விரல்களிலிருந்து வந்தது. 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்த, அவனுடைய பிளாக் சபாத் குழுவின் முதல் தட்டில் முதல் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். ச-விலிருந்து நேரே பிரதி மத்யமம். கல்யாணி ராகத்தில் நீங்கள் உருகுகிற அதே ம-தான். பஞ்சமத்தின் ஆதரவு இல்லாமல் தனியாக நிற்கும்போது நெஞ்சைப் பிசைகிறது. இளையராஜா ரசிகருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் அப்பாவும் தகடு அடிக்கிற ஆள்தான். இந்த ஊரில் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் முப்பத்தொரு வருடம். எந்தத் தொழிற்சாலை என்பது வேண்டாம். காதில் அடைத்துக்கொள்ள ஒன்றும் கொடுக்கவில்லை, வேலை செய்தவர்களும் கேட்கவில்லை. நாற்பத்தைந்து வயதிலேயே அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. அலாரம் கடிகாரத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவார். மணி கேட்காது, அதிர்வில் எழுந்துகொள்வார். இரைச்சலில் போகும் காது மேல் சுருதிகளைத்தான் முதலில் இழக்கும். ச, த, க போன்ற எழுத்துகள் உதிர்ந்துவிடும். யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. நாங்கள் சொல்வதற்கெல்லாம் "சரி, சரி" என்று தலையாட்டுவார். அவருக்குப் பிடித்த கச்சேரிகளெல்லாம் ஒவ்வொன்றாக அவரைவிட்டுப் போயின. கடைசியில் மிஞ்சியது தவில் மட்டும்.

அல்சூரில் சோமேஸ்வரர் கோயிலை ஒட்டி வருடாவருடம் பூப்பல்லக்கு வரும். ராத்திரி முழுக்கத் தெருவெல்லாம் மல்லிகை வாசனை. எங்கள் தெரு முனையில் பல்லக்கு நிற்கும்போது நாகஸ்வரம் ஓய்ந்து தவில் தனியாகப் பேசும். அப்பா தவில்காரருக்கு மூன்றடி தள்ளித் தரையில் உட்கார்ந்துவிடுவார். தவிலின் தொப்பிப் பக்கம், அதாவது இடது பக்கம், கோல் விழும்போது அது அவருக்குக் காதில் கேட்டதா, நெஞ்சுக்கூட்டில் கேட்டதா தெரியாது. கண் மூடியிருக்கும். துணியில் பசை தடவிச் சுற்றிக் காயவைத்த கூடுகளைத் தவில்காரர் வலது கை விரல்களில் மாட்டியிருப்பார். பின்னாளில் ஐயோமியின் பிளாஸ்டிக் தொப்பிகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த விரல்கள்தான் கண்ணில் நின்றன.

அம்மாவுக்குத் தவில் ஆகாது. சின்னச் சத்தத்துக்கே தலைவலி வரும். அவள் பிரியப்பட்டுக் கேட்டதெல்லாம் வானொலியில் விடியற்காலை வரும் வீணை. ஆனால் பல்லக்கு அன்று மாலையே மருந்து டப்பாவிலிருந்து பஞ்சை எடுத்து, இரண்டு உருண்டையாக உருட்டி, தேங்காய் எண்ணெயில் தோய்த்துப் பிழிந்து ஒரு கிண்ணத்தில் வைத்துவிடுவாள். காய்ந்த பஞ்சு சத்தத்தை நிறுத்தாது, எண்ணெய்ப் பஞ்சுதான் நிறுத்தும் என்பாள். இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் வந்து உட்காருவாள். இதே மூன்றடி தூரத்தில். ஒரு வருடம்கூட வீட்டுத் திண்ணையில் இருந்தபடி பார்த்ததில்லை. நான்கூட ஒருமுறை, "உனக்குத்தான் பிடிக்காதே, உள்ளே போய்ப் படேன்" என்றேன். அந்தப் பஞ்சுக் காதோடு, தவில் சத்தத்தில் நான் சொன்னது விழாமல், என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? பையைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தீர்கள். கூடப் போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கொண்டுபோய் விட்டேன் என்று எழுதியிருக்க வேண்டும். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, தம்பி. அவ்வளவு சந்தோஷமான முகத்தைப் பார்த்ததே இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, கடிதத்தில் வலிக்கிற இடம் அதுதான். அந்தச் சந்தோஷத்தில் தனக்கு இடமில்லையே என்று ஒரு ஆற்றாமை. ஆனால் அந்த முகம் இரண்டு நாளும் மேடைக்கு முன்னால் இருந்தது. அதைப் பார்க்க எழுந்துபோகாதவர் நீங்கள். அவள் திரும்பி வந்த நேரத்தில் இரைச்சல் என்று அடித்தவரும் நீங்கள். முதலில் அதற்கு மன்னிப்புக் கேளுங்கள். 'ஆனால்', 'அப்படி இப்படி' என்று இழுக்காமல் கேளுங்கள்.

இன்னொரு காரியமும் இருக்கிறது. கடைசி வரிசையில் நின்று கேட்டால் எந்தப் பாட்டும் இரைச்சல்தான். மைதானத்தின் நடுவில் ஒலியைச் சரிசெய்கிறவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் தன் காதுக்கு எது சரியோ அப்படித்தான் ஒலியை அமைப்பார். அந்த மேசைக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள், கிடார் வேறு, குரல் வேறு, முரசு வேறு என்று பிரிந்து கேட்கும். காதில் அடைப்பான் கட்டாயம். அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் ஒன்று வகுத்த கணக்கு இது: 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். இந்த மாதிரி மைதானங்களில் 100-ஐத் தாண்டுவது சாதாரணம். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானை உருட்டி, காது மடலை மேலே இழுத்து உள்ளே விட்டு, விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். இரண்டு ஜோடி வாங்குங்கள். உங்கள் மனைவி இத்தனை வருடமாக வெறுங்காதோடு போய்வருகிறாளா என்று கேளுங்கள். கச்சேரி முடிந்து மறுநாள் காதில் விண்ணென்று சத்தம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் உடனே ஒரு காது மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அப்பா தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் சொல்கிறேன், இதில் அசட்டையாக இருக்காதீர்கள். போன காது திரும்பி வராது.

ரசனை வேறானவர்கள் சேர்ந்து வாழ முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் நடந்தது எனக்குத் தெரியும், அதைச் சொல்கிறேன்.

அப்பா போன மறு வருடம் பல்லக்கு வந்தது. அம்மா தெருவுக்குப் போகவில்லை. பின்கட்டு அறையில் படுத்திருந்தாள், நான் பக்கத்தில். கிண்ணமும் இல்லை, பஞ்சும் இல்லை. மணி இரண்டு இருக்கும். தெரு முனையில் தவில் தொடங்கியது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் இருட்டிலேயே சொன்னாள், "தொப்பிப் பக்கம் கை வேற மாதிரி விழுது. பழைய ஆள் வரலை போலிருக்கு."

காலையில் பூக்காரரிடம் விசாரித்தேன். ஆமாம், அந்த வருடம் வேறு ஆள்.

அன்புடன்.