உறுதியான இரத்தம் என்று ஒன்று உண்டா?

அன்புள்ள ஐயா,

உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம். என் அத்தான் பல வருடங்கள் வளைகுடா நாடொன்றில் வேலை செய்தார். விசா புதுப்பிக்க இரத்தம் சோதித்தபோது எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, சென்ற வருடம் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இடையிடையே விடுமுறையில் வந்து அக்காவோடு இருந்துவிட்டுத்தான் போவார். ஆனால் அக்காவைச் சோதித்த ஒவ்வொரு முறையும் தொற்று இல்லை என்றே வந்தது. "எங்கள் பரம்பரை இரத்தம் உறுதியானது, அது ஒட்டாது" என்கிறார் அம்மம்மா. அக்காவும் அதை நம்பி அடுத்த சோதனைக்குப் போக மறுக்கிறார். சிலருக்குப் பிறவியிலேயே எச்.ஐ.வி. தொற்றாத மரபணு இருப்பதாகப் படித்தேன். அது உண்மையா? காசு செலவழித்துக் கொழும்பில் அந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாமா? அவர்கள் ஒரு பிள்ளைக்கும் ஆசைப்படுகிறார்கள்.

ஒரு வாசகி, திருகோணமலை

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா அடுத்த சோதனையைத் தவறவிடக் கூடாது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் எழுதப்போவதில் பாதி உங்கள் அம்மம்மாவுக்குச் சாதகமாகத் தோன்றக்கூடும்.

நீங்கள் படித்தது உண்மைதான். எண்பதுகளில் நியூயோர்க்கில் ஸ்டீபன் குரோன் என்ற ஓவியர் இருந்தார். அவருடைய துணைவரும் நண்பர்களும் ஒருவர் பின் ஒருவராக எய்ட்ஸ் நோயில் இறந்தார்கள். அவர்களைப் போலவே வாழ்ந்த அவருக்கு மட்டும் எதுவும் வரவில்லை. ஏன் என்று கண்டுபிடியுங்கள் என்று அவரே ஆய்வாளர்களிடம் போய் நின்றார். ஆய்வுகூடத்தில் அவருடைய இரத்த வெள்ளணுக்களோடு வைரஸை எவ்வளவு கலந்தும் அது உள்ளே நுழையவில்லை. காரணம் 1996இல் தெரியவந்தது.

எச்.ஐ.வி. நம் வெள்ளணுவுக்குள் நுழைய இரண்டு புரதங்கள் வேண்டும். நம் துறைமுகத்துக்கு வரும் கப்பலை ஒரு கயிற்றில் கட்டினால் அது நிலைகொள்ளாது, இரண்டாவது கயிறும் வேண்டும் அல்லவா? அதுபோல வைரஸ் முதலில் சிடி4 என்ற புரதத்தைப் பற்றுகிறது, பிறகு பெரும்பாலும் சிசிஆர்5 என்பதைப் பற்றுகிறது. குரோனிடம் இந்த சிசிஆர்5 புரதத்தை உருவாக்கும் மரபணுவின் குறியீட்டில் 32 எழுத்துகள் விடுபட்டிருந்தன. அதனால் அந்தப் புரதம் அணுவின் மேற்பரப்புக்கு வந்து சேரவேயில்லை. இந்தக் குறை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்திருந்தால்தான் இத்தகைய பாதுகாப்பு கிடைக்கும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் தொற்று ஏற்படலாம், நோய் முற்றுவது மட்டும் சற்றுத் தாமதமாகும்.

ஆனால் தங்கையே, இந்த மாற்றம் பெரும்பாலும் வட ஐரோப்பிய வம்சாவளியினரிடையே காணப்படுவது. அவர்களிலும் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவருக்குத்தான் இருபக்கமும் வந்திருக்கும். தெற்காசியாவில் இது மிக மிக அரிது. கொழும்பில் நீங்கள் கொடுக்கும் காசுக்கு அநேகமாக 'இல்லை' என்ற பதில்தான் வரும். 'ஆம்' என்றே வந்தாலும் அது முழுக் கவசம் அல்ல. சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறொரு புரதத்தைப் பற்றி நுழையும் வைரஸ் வகைகளும் உண்டு. இரு பக்கமும் அந்த மாற்றம் உள்ள சிலருக்கும் அவ்வகையில் தொற்றியிருக்கிறது. அந்தக் காசை வைத்துக்கொள்ளுங்கள்.

எச்.எல்.ஏ-பி57 என்ற இன்னொரு மரபணு வகையும் பேசப்படுகிறது. இது நம்மவர்களிடம் அவ்வளவு அரிதல்ல. தொற்றிய அணுவை நோயெதிர்ப்பு அணுக்களுக்கு அடையாளம் காட்டிக்கொடுப்பதில் இது வல்லது. இது உள்ள சிலர் மருந்தில்லாமலே வைரஸைப் பல ஆண்டுகள் அடக்கி வைக்கிறார்கள். ஆனால் அவர்களும் தொற்று உள்ளவர்களே. இதே மரபணுவின் ஒரு வகை உள்ளவர்களுக்கு அபகாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து ஆபத்தான ஒவ்வாமையைத் தரக்கூடும் என்பதால், அதைக் கொடுக்குமுன் சோதித்துப் பார்ப்பதுண்டு. இப்படி ஒரு தேவை இருந்தால் வைத்தியரே சொல்வார்.

நீங்கள் அக்காவுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது கென்யாவின் நைரோபி நகரச் செய்தி. அங்கே பாலியல் தொழிலில் இருந்த பெண்களை எண்பதுகளிலிருந்து ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். எத்தனையோ முறை வைரஸை எதிர்கொண்டும் ஒரு சிலருக்குத் தொற்றவில்லை. அவர்களின் உடலில் எச்.ஐ.வி.யை அடையாளம் காணும் நோயெதிர்ப்பு அணுக்களே இருந்தன. உலகமே அவர்களை வியந்து பார்த்தது. பின்னர் அவர்களிலும் சிலருக்குத் தொற்றியது, குறிப்பாகத் தொழிலை இடையில் நிறுத்தி இருந்தவர்களுக்கு. இத்தனை காலம் வரவில்லை என்பது இனியும் வராது என்பதற்கு உறுதி அல்ல.

அப்படியானால் அக்காவுக்கு ஏன் தொற்றவில்லை? அத்தானுக்கு எப்போது தொற்றியது என்பதே நமக்குத் தெரியாது. கடைசி விடுமுறைக்குப் பிறகு தொற்றியிருந்தால், அக்காவின் இரத்தம் அந்த வைரஸைச் சந்திக்கவே இல்லை. முன்பே தொற்றியிருந்தாலும், ஒவ்வொரு உறவிலும் இது கடந்துவிடுவதில்லை. கணவனுக்கு இருந்து மனைவிக்கு இல்லாத வீடுகள் உலகெங்கும் ஏராளம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தப்பியதற்குக் காரணம் மரபணு அல்ல.

அம்மம்மாவின் பேச்சில் என்னை வருத்துவது இன்னொன்று. எங்கள் இரத்தம் உறுதியானது என்றால், மருமகனின் இரத்தம் தாழ்ந்தது என்றாகிவிடுகிறது. வேலைக்குப் போன இடத்தில் நோயோடு திரும்பிய மனிதரை வீட்டுக்குள்ளேயே குனிய வைக்கும் பேச்சு அது. அம்மம்மாவுக்கு மலேரியாக் காலம் நினைவிருக்கும். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கமெல்லாம் குளிரில் நடுங்கிய வீடுகளை அவர் பார்த்திருப்பார். 2012 ஒக்டோபருக்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் உள்நாட்டில் ஒருவருக்கும் மலேரியா பரவவில்லை, 2016இல் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நம் இரத்தம் மாறியதாலா அது போனது? வீடு வீடாக இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள், மருந்து கொடுத்தார்கள், நுளம்பை ஒழித்தார்கள். இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள்.

அக்காவைக் காக்கக்கூடியது அத்தான் விழுங்கும் எச்.ஐ.வி. மாத்திரை. சென்னை, புனே உட்பட ஒன்பது நாடுகளின் நகரங்களில் 1,763 தம்பதியரிடம் நடந்த ஆய்வு, முன்கூட்டியே தொடங்கும் சிகிச்சை துணைவருக்குத் தொற்றுவதை 96 சதவீதம் குறைப்பதை 2011இல் காட்டியது. பிறகு ஐரோப்பாவில் நடந்த ஆய்வில், வைரஸ் அளவு ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் 200 வைரஸ் பிரதிகளுக்குக் கீழே இருந்தவர்களிடமிருந்து அவர்களின் துணைவர் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. ஆணுறை இல்லாத உறவிலும் இதுதான் முடிவு. இலங்கையில் இந்தச் சிகிச்சை இலவசம்.

பிள்ளை ஆசையை விட வேண்டியதில்லை. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. கடப்பதை ஒழித்த நாடு என்று 2019இல் சான்று பெற்ற நாடு இது. அத்தானின் வைரஸ் அளவு எவ்வளவு, அது எத்தனை மாதமாக அடங்கியிருக்கிறது என்று பாலியல் நோய் தடுப்பு நிலையத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது அடங்கும்வரை ஆணுறை வேண்டும். அக்காவுக்கு முன்தடுப்பு மாத்திரை தேவையா என்பதையும் அந்த வைத்தியரிடமே கேளுங்கள். எப்போது முயலலாம் என்று அவர் சொல்வார்.

அக்கா தனியாகப் போகக் கூச்சப்பட்டால் நீங்கள் கூடப் போங்கள். அங்கே உங்கள் விவரங்களை வெளியே சொல்ல மாட்டார்கள். தவறவிட்ட திகதிக்காக யாரும் கடிந்துகொண்டாலும் பொறுத்துக்கொண்டு, புதிய திகதியை வாங்கி வாருங்கள்.

அன்புடன்.