பதில்: விடியற்காலையில் டி.இ.சி. மைனஸில் போவது ஏன்?

டி.இ.சி. என்பது செயற்கைக்கோளிலிருந்து ஜி.பி.எஸ். ரிசீவர் வரை சிக்னல் வரும் வழியில் உள்ள மொத்த எலக்ட்ரான் எண்ணிக்கை. பாளையங்கோட்டை மொட்டைமாடியில் உங்கள் ரிசீவர் விடியற்காலையில் மைனஸ் 20 டி.இ.சி. அலகு காட்டுவதாகக் கேட்டிருந்தீர்கள். அது நிஜ அளவு இல்லை. எலக்ட்ரான் எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே போகாது. செயற்கைக்கோள் இரண்டு அலைவரிசைகளில் அனுப்பும் எல்1, எல்2 சிக்னல்களுக்கு இடையில் கருவிகளே உண்டாக்கும் தாமத வித்தியாசத்தை நீங்கள் கழிக்காமல் விட்டிருக்கலாம். 1 நானோ விநாடி பிசகினாலே சுமார் 2.85 அலகு மாறிவிடும்.

முதலில் ஐஜிஎஸ் என்ற சர்வதேச செயற்கைக்கோள் வழிகாட்டல் சேவையின் மையங்கள் வெளியிடும் செயற்கைக்கோள் திருத்தத்தைப் போடுங்கள். அப்புறம் எலக்ட்ரான் மிகக் குறைந்திருக்கும் காலை 4 முதல் 5 மணி வரை, உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் செயற்கைக்கோள்களை மட்டும் பாருங்கள். எல்லாம் ஒரே அளவு கீழே இருந்தால் பிசகு ரிசீவருடையது. ஆளுக்கொரு அளவென்றால் திருத்தம் சரியாக ஏறவில்லை.

முன்னிரவுத் தரவை இதற்கு எடுக்காதீர்கள். நம் ஊர், பூமியின் காந்தப்புலம் கிடைமட்டமாக இருக்கும் காந்த நடுக்கோட்டை ஒட்டியது. கிருஷ்ணாபுரத்தில் புவிக்காந்த ஆய்வுக்கூடம் இருப்பதே அதனால்தான். மார்ச், செப்டம்பரை ஒட்டி இருட்டியதும் மேல் வளிமண்டலத்தில் எலக்ட்ரான் குறைந்த பகுதிகளான பிளாஸ்மா குமிழ்கள் கிளம்பினால் சிக்னல் அறுந்து அறுந்து வரும்.