நீலம் 10 என்றால் மஞ்சள் 11 ஆகுமா?

2 குவளை நீலச் சாயத்துடன் 3 குவளை மஞ்சள் கலந்தால் ஒரு பச்சை. அதே பச்சைக்கு நீலம் 10 குவளை எடுத்தால் மஞ்சள் எவ்வளவு? அட்டவணை போட்டும் மகள் 11 என்றே எழுதுகிறாளாம். பேசாமல் குறுக்குப் பெருக்கலை (2/3 = 10/? என்று எழுதி, எதிரெதிர் மூலையில் உள்ள எண்களைப் பெருக்கி விடை காணும் வழி) சொல்லிக்கொடுத்துவிடலாமா என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். இப்போதைக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

மகள் 11-ஐக் குருட்டாம்போக்கில் எழுதவில்லை. நீலத்தில் 8 கூடியிருக்கிறது. மஞ்சளிலும் 8-ஐக் கூட்டிவிட்டாள். பிள்ளைகள் வழக்கமாகக் கால் வைக்கும் குழி இது. "கூட்டாதே, பெருக்கு" என்று அதட்டினால் இன்னும் குழம்புவாள். ஏனென்றால் விகித அட்டவணையில் கூட்டலும் செல்லும். எதைக் கூட்டுகிறோம் என்பதுதான் கேள்வி. மேல் வரிசையில் நீலம், கீழ் வரிசையில் மஞ்சள். முதல் கட்டத்தில் 2, அதன் கீழே 3. இந்த இரண்டும் சேர்ந்தது ஒரு கிண்ணம் என்று சொல்லுங்கள். இன்னொரு கிண்ணம் ஊற்றினால் 4, 6. மறுபடியும் ஊற்றினால் 6, 9. கிண்ணம் கிண்ணமாகத்தான் கூட்ட வேண்டும். 5 கிண்ணம் ஆகும்போது 10, 15. பத்துக்குப் பதினொன்று கலந்தால் நீலம் தூக்கலாகிவிடும் என்பதை அவளே சொல்வாள்.

விலைக்கு வரும் பயிற்சித்தாள்களை நம்பாதீர்கள். மேல் வரிசையில் 2, 4, 6 என்று அச்சடித்தே தந்துவிடுகிறார்கள். குழந்தை மேலே பார்க்காமலே மூன்றாம் வாய்ப்பாட்டை ஒப்பித்துக் கீழே நிரப்பிவிடும். நீலம் 7 என்று கேட்டுப் பாருங்கள், திணறும். அரைக் கிண்ணம் என்றால் 1, 1.5, அதை 6, 9-உடன் சேர்த்தால் 7, 10.5. இதை அவளே கண்டுபிடித்த பிறகு குறுக்குப் பெருக்கலுக்குப் போகலாம். சில நொடிகளில் விடை என்று சுருக்குவழி விற்பவர்கள் எந்த எண்ணை எதற்கு எதிரே எழுதுவது என்பதைச் சொல்லித்தருவதே இல்லை. விடைக்கு மட்டும் மதிப்பெண் போடும் தேர்வு முறை இருக்கும்வரை அவர்களுடைய கல்லாவும் நிறையத்தான் செய்யும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. தம்பிக்கு வயது 4, அக்காவுக்கு 8. இதையும் அட்டவணையில் ஏற்றி, தம்பிக்கு 10 ஆகும்போது அக்காவுக்கு 20 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. அப்போது அக்காவுக்கு 14தான். இங்கே மாறாமல் இருப்பது மடங்கு அல்ல, 4 வயது இடைவெளி. உங்கள் மகள் சாயக் கணக்கில் செய்த அதே கூட்டல் இங்கே முழுச் சரி! அதனால் எந்த அட்டவணையானாலும் முதலில் ஒரு 0 கட்டம் போடச் சொல்லுங்கள். ஒரு கிண்ணமும் ஊற்றாதபோது நீலம் 0, மஞ்சளும் 0. தம்பி பிறந்த அன்று அக்காவுக்கு 4 வயது. இப்படி இடித்தால் அது விகிதக் கணக்கே அல்ல. ஏறி உட்கார்ந்ததுமே ஒரு தொகை விழுந்துவிடும் டாக்சிக் கட்டணத்தையும் இதே 0 கட்டம் பிடித்துக் கொடுத்துவிடும்.