சட்டம் கேளுங்கள்: சிறைக்குள் நடப்பதைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

கேள்வி: வணக்கம் அம்மா. என் தம்பி விசாரணைக் கைதியாகச் சமவெளியில் ஒரு சிறையில் இருக்கிறான். மனு கொடுத்து அவனைப் பார்க்கப் போனபோது அவன் இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. "வார்டர் அடித்தார், வெளியே சொன்னால் இன்னும் அடி விழும்" என்றான். சிறைக்குள் நடப்பதை வெளியாட்கள் பார்ப்பதே இல்லையா? நான் யாரிடம் போவது?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: பார்க்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள், சகோதரி. நீதிபதிகள், அதிகாரிகள், அரசு நியமிக்கும் பொதுமக்கள் சேர்ந்த பார்வையாளர் குழு சிறைகளுக்கு உண்டு. குன்னூரில் வக்கீலாக இருந்த காலத்தில் நானும் அப்படி உள்ளே போயிருக்கிறேன். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனதால் அன்று சாம்பாரில் காய் நிறைய இருந்தது. அதிகாரி பக்கத்திலேயே நின்றார். கைதிகள் "குறை இல்லை" என்றார்கள். அவரை வெளியே அனுப்பிய பிறகே ஒருவர் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். தனியே பேசவிடாத பார்வை எதற்கும் உதவாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எனவே குழு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கடிதம் எழுதுங்கள். தில்லி திகார் சிறையில் சக கைதியை வார்டர் வதைத்ததை, சுனில் பத்ரா என்ற கைதி உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதமாக எழுதினார். அதையே மனுவாக ஏற்ற நீதிமன்றம், மாவட்ட நீதிபதிகள் சிறைகளுக்குச் சென்று குறை கேட்க வேண்டும், குறை சொல்லப் பெட்டி வைக்க வேண்டும் என்று 1979-இல் உத்தரவிட்டது. வெள்ளைக்காரர் காலத்தில் நம் நீலகிரி நடுவட்டத்தில், கொய்னா மருந்து தரும் சிங்கோனாத் தோட்ட வேலைக்காகக் கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளுக்கு அப்படி எழுதித்தர யார் இருந்தார்கள்? உங்கள் தம்பிக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

உதகை நீதிமன்றத்துக்கு அல்ல, சிறை இருக்கும் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிபதிக்கு எழுதுங்கள். இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தலைவரும் அவரே. பார்த்த தேதி, எந்தக் கை, எவ்வளவு வீக்கம், தம்பி சொன்ன சொல் இவை போதும், கேள்விப்பட்டவற்றைச் சேர்க்காதீர்கள். அரசு மருத்துவர் பரிசோதித்துப் பதிவு செய்ய வேண்டும், தம்பியிடம் தனியே விசாரிக்க வேண்டும், புகாருக்காக அவனைப் பழிவாங்காமல் பாதுகாக்க வேண்டும் என்று மூன்றையும் வெளிப்படையாகக் கேளுங்கள். நீதிமன்றக் காவலை நீட்டிக்க ஆஜர்படுத்தும்போது மாஜிஸ்திரேட்டிடம் தம்பியே வாய் திறந்து சொல்லலாம்.

நகல் ஒன்று சென்னையிலுள்ள மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்குப் போகட்டும். சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் புகார் சேர வேண்டும், கட்டணம் கிடையாது. சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணில் இன்றே கேளுங்கள், வீக்கம் வற்றுவதற்கு முன்பு.