மஞ்சள் மாத்திரை முதுமையைத் தள்ளிப்போடுமா?

கேள்வி: எனக்கு வயது 61. மது, புகைப் பழக்கம் இல்லை. முதுமை தள்ளிப்போகும் என்று நம்பி, மிளகுச் சத்து சேர்த்த 500 மி.கி. குர்குமின் (மஞ்சளிலிருந்து எடுக்கும் சத்து) மாத்திரையை ஐந்து மாதமாகக் காலையும் இரவும் சாப்பிடுகிறேன். இப்போது ரத்தப் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. 142 என்று அதிகமாக வந்திருக்கிறது. கொலஸ்ட்ரால் மாத்திரைதான் காரணமா? அதை நிறுத்திவிடட்டுமா?

பதில்: குர்குமின் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அதுவும் சிலருக்கு எஸ்.ஜி.பி.டி.யை ஏற்றும் என்பதால், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் ரிப்போர்ட்டோடு குர்குமின் டப்பாவையும் இந்த வாரமே கொண்டுபோய்க் காட்டுங்கள். மஞ்சள்தானே என்று பலர் இதைச் சொல்வதே இல்லை. அதனால் பழி வேறு மருந்தின் மேல் விழுகிறது.

மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம். ஒரு டீஸ்பூன், அதாவது 3 கிராம் தூளில் 90 மி.கி. இருக்கும். நீங்கள் ஒரு நாளைக்கு விழுங்குவது 1,000 மி.கி., அதாவது பதினோரு டீஸ்பூன் தூளில் உள்ளது! சாம்பாரில் உங்கள் பங்குக்குக் கால் டீஸ்பூன்கூட வராது.

அளவைவிட எனக்குக் கவலை தருவது மிளகுச் சத்துதான். உள்ளே போகும் குர்குமினைக் குடலும் கல்லீரலும் சீக்கிரமே மாற்றி வெளியே தள்ளிவிடும். மிளகிலுள்ள பைப்பரின் அந்த வேலையைத் தடுக்கிறது. 1998இல் வெளியான பெங்களூரு ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் கொடுத்தபோது உடலில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு கூடியது. விளம்பரங்கள் பெருமையாகச் சொல்வது இதைத்தான். சிலருடைய கல்லீரல் இதைத் தாங்குவதில்லை. எச்.எல்.ஏ.-பி 35:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து சாப்பிடுபவர்கள் இந்த மாத்திரைப் பக்கமே போகக் கூடாது.

முதுமைக்குக் காரணம், செல்களைச் சேதப்படுத்தும் 'ஃப்ரீ ராடிக்கல்' மூலக்கூறுகள் என்று அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன் 1956இல் சொன்னதிலிருந்து, அவற்றை அடக்கும் ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரைகள் மேல் பெரிய எதிர்பார்ப்பு வந்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. பீட்டா கரோட்டின் என்ற ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரையைத் தினம் 20 மி.கி. சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. குர்குமினுக்கும், மனிதர்களின் ஆயுளைக் கூட்டியதாக ஆதாரம் கிடையாது.

உணவில் வருவது வேறு. தக்காளியை எண்ணெயில் வதக்கினால் அதிலுள்ள லைக்கோபீன் என்ற ஆன்டி ஆக்ஸிடன்ட் உடலில் நன்றாகச் சேரும். முருங்கைக்கீரையிலுள்ள பீட்டா கரோட்டின் சேர ஒரு டீஸ்பூன் எண்ணெய் போதும். டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்; இல்லையென்றால் இரும்புச் சத்து சரியாகச் சேராது. ரசத்துக்குப் போடும் மஞ்சளும் மிளகும் அப்படியே இருக்கட்டும்.

இரண்டு வாரத்தில் எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுங்கள். ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள். மாத்திரைதான் காரணம் என்றால், அளவு பெரும்பாலும் சில வாரங்களில் இறங்கத் தொடங்கும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ, உடம்பெல்லாம் அரிப்பு, வாந்தி என்றாலோ இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.